எஸ்தோனியப் பாட்டும் என் மாமா பெண்ணும்

திருப்பாதிரிப்புலியூரில் என்னோடு படித்தவர்கள் யார் கையிலாவது இது கிடைத்தால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்து விழாவில் அந்தப் பாட்டைக் கெடுத்தது என் மாமா பெண் இல்லை. ஐம்பது வருஷமாக நாம் அப்படித்தான் பேசிவருகிறோம். போன தடவை கூடியபோதுகூட மூட்டுவலி, மருமகள் புராணம் எல்லாம் முடிந்த பிறகு ஒருத்தி அந்தக் கதையை எடுத்தாள். கட்டைக் குரலில் கத்தி பள்ளிக்கூட மானத்தைக் கப்பலேற்றினாளே என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்க முடியவில்லை.

நாம் எட்டாவது படித்த வருஷம் அது. கடலோரத்துக் கிள்ளையில் மாமாவுக்கு நாலு காணி நிலம், ஐந்து பிள்ளைகள். மூத்தவள் இவள். என்னைவிட ஒரு மாதம் பெரியவள், ஆனால் ஒரு சாண் உயரம் கூடுதல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேலே படிக்க வழியில்லாததால் அம்மா சண்டை போட்டு அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மாமாவுக்கு இதில் இஷ்டமில்லை. நடவு நேரத்தில் ஆள் வேண்டும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "பொட்டப்புள்ள படிச்சு என்னா ஆவப் போவுது, ஒரு வருசம் பாக்கறேன், அப்பறம் கூட்டிக்கினு போயிடுவேன்" என்று கெடு வைத்துவிட்டுத்தான் விட்டார். ஆக, அவள் எங்கள் வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளும் அந்தக் கெடுவில் ஒரு நாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் குரல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தடித்த குரல். வாசலில் நின்று கூப்பிட்டால் ஆண்பிள்ளை என்று நினைத்து வெளியே வருவார்கள். "தொண்டைல கல்லு மாட்டிக்கினு இருக்கா" என்று அம்மாவே கேலி செய்வாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வகுப்பில் இறைவணக்கம் பாடும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். நாம் பாடும் உயரத்துக்கு அந்தக் குரல் எட்டாது.

தபாலாபீசில் வேலை பார்த்த என் சித்தப்பாவுக்குச் சோவியத் பைத்தியம். நட்புறவுச் சங்கம் ஒன்று நடத்துகிறவர்களோடு சேர்ந்து சுற்றுவார். எங்கே ரஷ்யப் புத்தகக் கண்காட்சி போட்டாலும் பை நிறைய வாங்கிவருவார். அப்படி அவர் ஐப்பசி மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததுதான் அந்தப் புத்தகம். வழவழப்பான தாள். பிரித்தால் பசையும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாசனை. எஸ்தோனியா என்கிற நாட்டின் கதை என்று உள்ளே போட்டிருந்தது. அப்போது அதுவும் சோவியத்தில் ஒரு மூலை. தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், "அன்பார்ந்த மாலுமியே" என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அது ஒரு தடையாக இல்லை.

ஒரு தீவு. குளிர் காலத்தில் கடல் உறைந்து போய்விடும். அந்தத் தீவுக்காரர்கள் கடல் மேலேயே நடந்து அக்கரைக்குப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். மாமா பெண் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. கிள்ளைக்காரியிடம் கடலைப் பற்றி யாரும் கதை விடக்கூடாது. உப்புத் தண்ணீர் எப்படிக் கல்லாகும் என்று விஞ்ஞான டீச்சரிடமே போய்க் கேட்டாள். டீச்சர் யோசித்துவிட்டு அதெல்லாம் கதைக்குச் சொல்வது என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு அடுத்த அத்தியாயம் வந்ததும் அவள் சந்தேகத்தை எல்லாம் விட்டுவிட்டாள். உறைந்த கடலில் மூடுபனி இறங்கிவிடுகிறது. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அதனால் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். முன்வரிசை மேல்குரலில் ஒரு பாட்டு. கடைசி வரிசை அதே நேரத்தில் கீழ்க்குரலில் வேறொரு பாட்டு. இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். கீழ்க்குரல் கேட்காவிட்டால் எல்லாரும் நின்றுவிட வேண்டும், யாரோ பின்தங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்தை அவள் எத்தனை தடவை படித்தாளோ, தாளின் ஓரம் அழுக்கேறிப் போயிற்று.

புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு உறைக்குள் நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருந்தது. அந்தப் பாட்டின் இசைத்தட்டு. அப்பளம் மாதிரி வளையும். சித்தப்பாவிடம் பெட்டி மாதிரி மூடித் திறக்கிற ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. இந்தத் தட்டைத் தனியாக வைத்தால் சுற்றாது. ஒரு பெரிய ரெக்கார்டின் மேல் இதை வைத்து, முள் குதிக்காமல் இருக்க அதன் தலையில் கால் ரூபாய்க் காசு ஒன்றை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் வைத்துக் கேட்போம். குழந்தைகள் பாடுகிறார்கள். மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். பாஷை புரியாது. நான் மேல்குரலைப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு கீழ்க்குரலைப் பாடினாள். கொஞ்சமும் பிசகவில்லை. அந்தத் தடித்த குரல் என் குரலுக்கு அடியில் வந்து பாய் விரித்த மாதிரி இருந்தது. பாட்டு முடிந்ததும் அவள் என்னைப் பார்த்து, "எனக்கும் ஒரு எடம் வச்சிருக்காங்க பாரு" என்றாள்.

பிறகு பள்ளிக்கூடம் போகும் வழியில் கெடிலம் ஆற்றுப் பாலத்தில் நடக்கும்போதெல்லாம் அதைப் பாடுவோம். லாரி வந்தால் நிறுத்துவோம்.

மார்கழியில்தான் அந்தச் செய்தி வந்தது. எஸ்தோனியாவிலிருந்து ஒரு அம்மாள் வருகிறார், குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக்கொடுப்பவர். சிதம்பரத்தில் விழா. நம் பள்ளிக்கூடம் அவர் நாட்டுப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். சித்தப்பாதான் அந்த இசைத்தட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். புத்தகத்தையும் கொடுத்தார். பாட்டு டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பிள்ளைகள் கதைதானே, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்.

பாட்டு டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல மனுஷி. சுருதி என்றால் உயிர். ஒரு பிள்ளை இம்மி விலகினாலும் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். தலைமையாசிரியை அறையில் தட்டைப் போட்டு நம்மையெல்லாம் வரிசையாக உட்கார வைத்துக் கேட்க வைத்தார். மேல்குரலை மட்டும் நோட்டில் சுரமாக எழுதிக்கொண்டார். சங்கராபரணம் மாதிரி இருக்கிறது, வெள்ளைக்காரர்களுக்கும் நம் ராகம் தெரிந்திருக்கிறது என்று பெருமைப்பட்டார். கடைசியில் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அடியில ரெண்டு மூணு புள்ளைங்க சுருதி சேராம பாடுது பாருங்க. அதெல்லாம் காதுல வாங்கிக்காதீங்க."

அந்த அறையில் இருந்த யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. நம் சங்கீதத்தில் பத்துப் பேர் பாடினாலும் ஒரே பாட்டு, ஒரே சுரம். விலகினால் அபஸ்வரம். ஆனால் நம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சர்ச் இருந்தது. கிறிஸ்துமஸ் வரப்போகிறது என்று தினமும் சாயங்காலம் அங்கே ஆணும் பெண்ணும் மேலும் கீழுமாகப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் வாசிப்பவரை ஒரு நிமிஷம் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. எனக்கு யாரையும் கேட்கவே தேவையில்லை, நான் கதையைப் படித்திருந்தேன்.

தமிழய்யா மெட்டுக்குச் சமாதானம், நட்பு, புறா எல்லாம் போட்டு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு பேர் தேவை. உயரம் பார்த்துப் பின்வரிசையில் மாமா பெண்ணையும் நிறுத்தினார்கள். அம்மா உடனே கிள்ளைக்கு ஒரு கார்டு போட்டாள். பாட்டில் சேர்த்திருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரி முன்னால் பாடப் போகிறாள், டவுனில் பேர் வாங்குகிற பெண்ணை அறுப்புக்குக் கூட்டிப் போகாதே என்று. மாமாவும் மசிந்துவிட்டார். விழாவுக்கு வருகிறேன், பார்த்துவிட்டுப் பத்தாவது வரைக்கும் விடுகிறதா என்று சொல்கிறேன் என்று பதில் போட்டார். அந்தக் கார்டை அவள் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் ஒத்திகையில் அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் முதலடியைத் தனியாகப் பாட டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் பாடினேன். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசையிலிருந்து கீழ்க்குரல் எழுந்தது. டீச்சர் ஆர்மோனியத்தை நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே குரல். யார் என்று கண்டுபிடித்து முன்னால் வரச் சொன்னார். ரெக்கார்டில் இருக்கிற மாதிரிதான் பாடுகிறேன் என்று அவள் சொன்னாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அந்தத் தட்ட வீட்ல கேட்டிருக்கியே. இவ பாடறது அதுல இருக்குதா?"

பத்துப் பேர் என்னைப் பார்த்தீர்கள். அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தாள்.

"தெரியல டீச்சர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஐம்பது வருஷமாக எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்துவிட்டேன். டீச்சரை எதிர்த்துப் பேச பயம் என்பது கொஞ்சம் உண்மை. முதலடி கையை விட்டுப் போய்விடுமோ என்கிற கவலை ஜாஸ்தி உண்மை. அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. அவள் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் முதல் தோசை அவளுக்குத்தான் போனது, பாவம் தாயை விட்டு வந்த பிள்ளை என்று. பதிமூன்று வயதில் ஒரு தோசைக்கு இவ்வளவு கணக்கு வைத்திருந்தேன் என்று நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பாவாடை தைத்தாகிவிட்டது, ஆளை மாற்ற நேரமில்லை. அதனால் டீச்சர் அவளை நீக்கவில்லை. மேடையில் நிற்கட்டும், வாயை மட்டும் அசைக்கட்டும், சத்தம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று பாலத்தில் நடக்கும்போது அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நாளைக்குக் கணக்குப் பாடத்தில் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

விழாவன்று நம்மை ஒரு வேனில் அடைத்துக் கூட்டிப்போனார்கள். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். பெண் பாடுவதைக் காட்டக் கூட்டிவந்திருந்தார். அந்த எஸ்தோனிய அம்மாள் பெரிய சரீரம். நரைத்த பின்னல். நம் ஊர் மார்கழியே தாங்காமல் முகம் தக்காளி மாதிரி சிவந்து, போட்ட மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலடியை நான் பாடினேன். நன்றாகவே பாடினேன். அம்மாள் தலையாட்டிக் கேட்டார், மரியாதைக்கு ஆட்டுகிற தலை. இரண்டாவது சரணம் போயிற்று. மூன்றாவது சரணத்தில் எனக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

அவள் கத்தவில்லை. நீங்கள் எல்லாரும் கத்தினாள் என்கிறீர்கள். நான் அவளுக்கு நேர் முன்னால் நின்றேன், எனக்குத் தெரியும். நிதானமாக, பாலத்தில் பாடுகிற மாதிரி பாடினாள். தமிழய்யாவின் புறாவை எல்லாம் விட்டுவிட்டு, தட்டில் கேட்ட அந்தப் புரியாத பாஷையிலேயே பாடினாள். அம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். டீச்சர் அந்தக் குரலை அமுக்க ஆர்மோனியத் துருத்தியை வேகமாக அடித்தார், வேகம் தப்பியது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், நான்கு பேர் மெட்டை விட்டார்கள். பாட்டு எப்படியோ முடிந்தது. மாமாவோடு வந்தவர்களில் ஒருவர் அவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அம்மாள் சித்தப்பா பக்கம் திரும்பி ஏதோ கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாமா எழுந்து பக்கவாட்டுப் படி வழியாக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவள் அழுதிருப்பாள், யாராவது தடுத்திருப்போம்.

அந்த அம்மாள் மேடையேறி வந்தார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும், சித்தப்பாவுக்கும் கொஞ்சம் தெரியும். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு ஒரு பெண் கெடுத்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். அம்மாள் அதைக் கவனிக்கவில்லை. கீழே பாடின பெண் எங்கே என்று கேட்டார். சித்தப்பா அதை அப்படியே தமிழில் சொன்னார். டீச்சருக்கு, இந்தம்மா தலைமையாசிரியையிடம் புகார் சொல்லத்தான் கேட்கிறார் என்று பயம். என்னை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

"இவதான் எங்க நல்ல பாட்டுக்காரி, இவளக் காட்டுங்க அவுங்களுக்கு."

ஒரே மாதிரி பாவாடையில் நின்றவர்களில் யார் எந்தக் குரல் என்று பிரித்துத் தெரியாததால், தேடிய பெண் நான்தான் என்று நினைத்து அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறையை எடுத்து என் கையில் வைத்தார். சிவப்பும் கறுப்புமாக நட்சத்திரம் போட்டுப் பின்னியது. அவரே பின்னியதாம். பிறகு குனிந்து, என் முகத்துக்கு அருகில், கீழ்க்குரலின் முதலடியை மெதுவாக முனகினார். சேர்ந்து பாடு என்று கையைக் காட்டினார். எனக்குத் தெரிந்தது மேல்குரல்தான். அதைப் பாடினேன். அவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி சித்தப்பாவிடம் கேட்டார். டீச்சர், அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, போய்விட்டாள் என்று சொல்லச் சொன்னார்.

திறந்திருந்த வாசல் வழியாக எனக்குத் தெருமுனை தெரிந்தது. மாமாவும் அவளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா என்று கூப்பிட்டுக் கையை நீட்டினால் போதும். அதற்குள் போட்டோக்காரர் வந்துவிட்டார். கையுறையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தூக்கிப் பிடித்தேன். அந்தப் போட்டோ வெகுநாள் தலைமையாசிரியை அறையில் தொங்கியது, நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

அவள் திரும்பி வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் அவள் டிரங்குப் பெட்டியை அம்மா பஸ்ஸில் போட்டு அனுப்பிவைத்தாள். பதினேழு வயதில் கல்யாணம். கையுறையைப் போட்டுக்கொள்ள கடலூரில் ஏது குளிர், அம்மா அதைச் சோற்றுப் பானை இறக்குகிற துணியாக்கிவிட்டாள். நட்சத்திரமெல்லாம் கரியேறி, ஒரு நாள் அடுப்பிலேயே விழுந்து ஒன்று எரிந்துபோயிற்று. நீலத்தட்டு வெயிலில் சுருண்டது. புத்தகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் பேங்க் வேலைக்குப் போனேன், அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பாடவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், யாரும் கூப்பிடவில்லை.

எஸ்தோனியா தனி நாடாகிவிட்டது. அவர்கள் கூட்டம் கூட்டமாகத் திடலில் நின்று பாடியே விடுதலையைக் கேட்டார்களாம். போன சித்திரையில் பேரன் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். ஆயிரமாயிரம் பேர் நிற்கிறார்கள், மேலே ஒரு கூட்டம் பாடுகிறது, கீழே ஒரு கூட்டம் பாடுகிறது. ஒருவரும் யாரையும் கெடுக்கவில்லை. பாட்டி ஏன் அழறே என்று கேட்டான். அன்றைக்குத்தான் எல்லாம் புரிந்தது என்று சொல்ல எவ்வளவு சௌகரியமாக இருக்கும். எனக்குத்தான் எட்டாவதிலேயே தெரியுமே.

மறு வாரம் கிள்ளைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் கல்யாணம், காரியம் என்று எத்தனையோ தடவை அவளைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட இதைப் பேசியதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். பெரிய பையனுக்குச் செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை, சின்னவன் நிலத்தைப் பார்க்கிறான். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடியை எடுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கேட்டபோது எனக்குத் தெரியும் என்பதை. அந்த அம்மாள் தேடியது அவளைத்தான் என்பதை. கையுறை அவளுக்கு வந்தது என்பதை. நீ பாடினது சரி, நீ மட்டும்தான் சரியாகப் பாடினாய் என்றேன்.

அவள் கீரைத் தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். போகட்டும் விடு என்பாள் என்றும் எதிர்பார்த்தேன், உள்ளுக்குள் அதைத்தான் கேட்க வந்திருந்தேன்.

"நான் பாடினது சரின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அதே தடித்த குரல்தான். "அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல எங்கப்பா ஏறு ஏறுன்னாரு. வயித்த வலிக்குதுன்னு பொய் சொல்லி ரெண்டு பஸ்ஸ வுட்டேன். நீ ஓடியாந்து சொல்லுவன்னு. மூணாவது பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."